ஈறு நோய்: வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் பல் மருத்துவம் பார்க்கிறேன். காட்பாடி, அணைக்கட்டு, குடியாத்தம், ஆற்காடு, ஆம்பூர் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்கள் ஈறு பற்றிக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நாடெங்கிலும் இருந்து ஆட்கள் ரயிலேறி வருகிற ஊர் இது. அப்படிப்பட்ட ஊர்க்காரர்களே ஈறு விஷயத்தில் மட்டும், பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரைத் தேடுகிறார்கள். அதற்குக் காரணம், ஈறு நோய் வலிக்காது. சொத்தைப் பல் ராத்திரி தூங்கவிடாது, அதனால் மறுநாளே வந்துவிடுவார்கள். ஈறு அப்படியில்லை. பத்து வருஷம் சத்தமில்லாமல் கெடும்.

பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது, ஆனால் வலி இல்லை. காட்ட வேண்டுமா?

கட்டாயம் காட்டுங்கள். கை கழுவும்போது நகக்கண்ணில் தினமும் ரத்தம் வந்தால் சும்மா இருப்போமா? நல்ல ஈறு தேய்த்தால் ரத்தம் விடாது. ரத்தம் வருகிறது என்றால் அங்கே அழற்சி இருக்கிறது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் முழுசாகக் குணமாகும், தழும்புகூட மிஞ்சாது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் இந்தக் கட்டம் கைநழுவிப் போய்விடும்.

ரத்தம் வருகிற இடத்தை பிரஷ் படாமல் விட்டுவிட்டேன். சரிதானே?

கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது இதைத்தான். ஆனால் நடக்க வேண்டியது நேர்மாறானது. ரத்தம் வருவது பிரஷ் பட்டதால் அல்ல, அங்கே அழுக்குப் படலம் தங்கியதால். தேய்க்காமல் விட்டால் படலம் இன்னும் தடிக்கும், ரத்தமும் கூடும்.

இதற்கு 1965-லேயே ஆதாரம் கிடைத்துவிட்டது. டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்க ஆரம்பித்தார்கள், சுமார் ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. மருந்து எதுவும் தரவில்லை.

ஆகவே ரத்தம் வருகிற இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். முதல் நாலைந்து நாள் ரத்தம் வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்தும் நிற்கவில்லை என்றால், உள்ளே பிரஷ் எட்டாத இடத்தில் காரை இருக்கிறது என்று பொருள்.

காரை என்று சொல்கிறீர்களே, அது என்ன? எங்கள் தெருவில் உப்புத் தண்ணீர். அதனால்தான் படிகிறதா?

போர் தண்ணீர் பிடிக்கிற பக்கெட்டின் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து, சுரண்டினாலும் வராமல் ஒட்டிக்கொள்ளும். பல் காரை பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அது நீங்கள் குடிக்கும் தண்ணீரிலிருந்து வருவதில்லை, உங்கள் எச்சிலிலிருந்தே வருகிறது. பல்லின் மேல் ஒட்டும் கிருமிப் படலத்தை ஓரிரு நாளில் துடைக்காவிட்டால், எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் ஏறி இறுக ஆரம்பிக்கும். அதனால்தான் எச்சில் சுரப்பி திறக்கிற இடங்களில், அதாவது கீழ் முன்பற்களின் பின்பக்கத்திலும் மேல் கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கத்திலும், அதிகமாகப் படிகிறது. விரல் நுனியால் கீழ் முன்பல்லின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று மேடாக இருந்தால் அது காரை. இறுகிய பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது.

காரையின் சொரசொரப்பில் கிருமி தங்கி ஈறைப் பல்லிலிருந்து பிரிக்கும். பிரிந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்துக்குள் காற்று படாத கிருமிகள் பெருகும். அவற்றை எதிர்க்க உடம்பு நடத்துகிற போராட்டத்தில் பல்லைத் தாங்குகிற எலும்பே கரையத் தொடங்கும். ஈறு அழற்சி ஈறு நோயாக முற்றுகிற வழி இதுதான்.

தண்ணீரால் பல்லில் வருவது வேறொன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிற ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் இருக்கும். அது பல்லுக்குள்ளேயே உள்ள நிறம், ஈறு நோய் இல்லை. சுத்தம் செய்தாலும் போகாது.

க்ளீன் பண்ணினால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படித்தான் ஆனதாம்.

அந்த அக்காவின் பல் முன்பே ஆடிக்கொண்டிருந்திருக்கும். காரை, பற்களைச் சேர்த்துச் சிமென்ட் பூசியதுபோல் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் அடியில் எலும்பு கரைந்த பல்லின் உண்மையான நிலை தெரிகிறது. ஸ்கேலிங் செய்கிற கருவியின் முனை அதிர்ந்து காரையை உதிர்க்கிறதே தவிர, பல்லைச் சீவுவதில்லை.

சுத்தம் செய்தபின் பல்லுக்கு நடுவே இடைவெளி தெரியும். அது காரை அடைத்திருந்த இடம், வீங்கியிருந்த ஈறு வற்றிய இடம். சில நாள் ஜில்லென்று எதையாவது குடித்தால் கூசும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லாமல் அனுப்புவதால்தான் "க்ளீன் பண்ணி கெடுத்துட்டாங்க" என்ற பேச்சு வருகிறது. அது சொல்ல வேண்டியவர்களின் தவறு, உங்கள் தவறு இல்லை. உங்கள் டாக்டர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

ஈறுக்குள் கம்பி மாதிரி ஒன்றை விட்டு "மூணு, மூணு, ஆறு" என்று எண் சொன்னார்கள். அது என்ன கணக்கு?

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம், மில்லிமீட்டரில். மொட்டை முனையுள்ள மெல்லிய கம்பியில் கோடு போட்டிருக்கும். அதை ஈறின் ஓரத்தில் மெதுவாக இறக்கினால் எந்தக் கோடு வரை மறைகிறதோ அதுதான் எண். ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் பார்ப்போம். 3 வரை சரி. 4, 5 என்றால் கவனிக்க வேண்டும். 6, 7 என்று போனால் அங்கே எலும்பு நன்றாகக் கரைந்திருக்க வாய்ப்பு அதிகம், எக்ஸ்ரேயில் உறுதி செய்வோம்.

நாற்காலியில் இருக்கும்போது வாயைத் திறந்தபடியே எண்ணைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து வரும்போது 6 இருந்த இடம் 4 ஆகியிருக்கிறதா என்று பார்க்கலாம். சர்க்கரை அளவை நினைவு வைத்திருக்கிறோம், பி.பி. எண்ணை நினைவு வைத்திருக்கிறோம். இந்த எண்ணையும் வைத்துக்கொள்ளலாம்.

எண் பெரிதாக இருந்தால் என்ன செய்வார்கள்?

முதலில் டீப் க்ளீனிங். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, ஈறுக்கு அடியில் வேரின் மேல் ஒட்டியிருக்கிற காரையை எடுப்பார்கள். இரண்டு மூன்று தடவையாகக்கூட நடக்கும். ஆறு வாரம், இரண்டு மாதம் விட்டு மறுபடி அளப்பார்கள். நிறைய பேருக்கு இதுவே போதும். அப்படியும் ஆழம் குறையாத இடத்தில் மட்டும் ஃப்ளாப் சர்ஜரி, அதாவது ஈறைச் சற்று விலக்கி, உள்ளே கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்து தையல் போடுவது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. சில வகைப் பள்ளங்களில் எலும்புத் தூள் வைத்து ஓரளவு மீட்கலாம், எல்லா இடத்திலும் முடியாது. ஆனால் இருக்கிற எலும்பைக் காப்பாற்ற முடியும். லேசாக ஆடுகிற பல் சுத்தம் செய்தபின் இறுகுவதை அடிக்கடி பார்க்கிறேன். மேலும் கீழுமாகக் குத்துகிற அளவுக்கு ஆடுகிற பல்லை எடுப்பதுதான் நல்லது.

பல் எடுத்தால் கண் பார்வை குறையுமா?

குறையாது. மேல் பல்லோ கீழ்ப் பல்லோ, கண்ணுக்குப் போகிற பார்வை நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பல் எடுக்கிற வயதும் வெள்ளெழுத்து வருகிற வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. ஈறு அடிக்கடி வீங்குகிறது.

இந்தப் பக்கத்தில் எழுதியதில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். சர்க்கரையும் ஈறு நோயும் ஒன்றையொன்று கெடுக்கும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது கிருமியை எதிர்க்கிற சக்தி குறைகிறது, புண் ஆறுவது தள்ளிப்போகிறது, அதனால் எலும்பு வேகமாகக் கரைகிறது. மறுபக்கம், ஈறில் நாள்பட்ட அழற்சி இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சர்க்கரை இறங்க மறுக்கும். ஈறு நோயை முறையாகக் குணப்படுத்தியபின் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) சராசரியாக 0.3 முதல் 0.4 புள்ளி வரை இறங்குகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கூடவே வேண்டும், இது அவற்றுக்குப் பதில் ஆகாது. ஆனால் மாத்திரை ஏறிக்கொண்டே போய், அளவு மட்டும் இறங்கவில்லை என்றால் வாயை யாராவது திறந்து பார்த்தார்களா என்று யோசியுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயதான அம்மா, அப்பாவுக்குப் பெரிய உதவி அது. மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை பல்லுக்காகவாவது கூட்டிப் போங்கள்.

சர்க்கரையும் இல்லை, ரத்தமும் வரவில்லை. ஆனால் ஈறு தடித்துப் பல்லை மூடிக்கொண்டு வருகிறது.

என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், நிஃபிடிபின், வலிப்புக்கான ஃபெனிடோயின், மாற்று உறுப்பு பெற்றவர்கள் சாப்பிடும் சைக்ளோஸ்போரின் ஆகியவை சிலருக்கு ஈறை வளர்க்கும். இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-இல் நம் ஊர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் (சி.எம்.சி.) நடந்தது. மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம், அவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. எழுதித் தந்த டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். வாய் சுத்தமாக இருந்தால் வளர்ச்சி பெரிதும் குறையும்.

இதே தடிப்பு காய்ச்சல், உடல் வெளுப்பு, தோலில் ரத்தப் புள்ளி இவற்றோடு திடீரென்று வந்தால் தாமதிக்காமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அரிதாக ரத்தப் புற்றுநோய் ஈறில்தான் முதலில் தெரியும்.

பீடி பிடிக்கிறேன், புகையிலையும் போடுவேன். ஆனால் ஈறில் ரத்தமே வந்ததில்லை.

புகைபிடிப்பவர்களுக்கு ரத்தம் வராதது நல்ல அடையாளம் இல்லை. நிகோட்டின் ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் எச்சரிக்கை மணி அடிக்காமல் போகிறது. உள்ளே எலும்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரையும், சிகிச்சைக்கும் சரியாக ஆறாது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் பீடி சுற்றுவது வீட்டுத் தொழில், புகையிலை கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. விடுவது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 1800-11-2356 என்ற எண்ணில் அழைத்தால் இலவசமாக ஆலோசனை தருகிறார்கள்.

புகையிலையை அடக்கி வைக்கிற இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும். அங்கே வெள்ளைத் திட்டோ, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ இருந்தால், அல்லது பாக்குப் போட்டுப் போட்டு வாய் முன்புபோல் அகலமாகத் திறக்க வரவில்லை என்றால், ஈறை விடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள்.

இன்னொன்று. பல்பொடியில் புகையிலை கலப்பதை மத்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது. தேய்த்ததும் கிறுகிறுவென்று வருகிற பொடி எதுவாக இருந்தாலும் தூக்கி எறியுங்கள்.

தாத்தா வேப்பங்குச்சிதான், கடைசிவரை ஒரு பல் விழவில்லை. நாங்கள் அதையே பயன்படுத்தலாமா? மிஸ்வாக்?

பயன்படுத்தலாம். நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறிலிருந்து பல் நுனியை நோக்கி மெதுவாகத் தேய்த்தால் படலம் போகும். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் மிஸ்வாக் பழக்கம் நிறைய பேருக்கு உண்டு. அதை ஒழுங்காகச் செய்கிறவர்கள் வாய் சுத்தமாகவே இருக்கிறது. குச்சியால் எட்டாதது கடைவாயின் உள்பக்கமும் பல் இடுக்கும்தான். அதற்கு ராத்திரி ஒரு தடவை பிரஷ்ஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். குறுக்கே இழுத்துத் தேய்க்காதீர்கள், ஈறு இறங்கிப் பல் கழுத்தில் பள்ளம் விழும்.

செங்கல் தூள், சாம்பல், கரி வேண்டாம். நல்லெண்ணெய் கொப்பளிப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் காரை கரையாது. கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் வைத்தால் வெந்துவிடும்.

சரி, எப்படித்தான் தேய்ப்பது?

சாஃப்ட் என்று போட்ட பிரஷ். அதைப் பல்லின் மேல் நேராக வைக்காமல், முடி ஈறும் பல்லும் சேர்கிற கோட்டைப் பார்க்கும்படி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். அங்கேயே சின்னச் சின்னதாக அசைத்து, பிறகு பல் நுனிப் பக்கம் உருட்டி இழுங்கள். இரண்டு பல், பிறகு அடுத்த இரண்டு. உள்பக்கமும் அப்படியே. மொத்தம் இரண்டு நிமிடம். முக்கியமானது ராத்திரி துலக்குவது. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், கிருமிக்கு அதுதான் நேரம். காலையில் மட்டும் துலக்குகிறவர்கள் ஒரே ஒரு பழக்கத்தைச் சேர்க்க முடியும் என்றால் இதைச் சேருங்கள்.

பல் இடுக்கு நெருக்கமாக இருந்தால் ஃப்ளாஸ் நூல், இடைவெளி விழுந்திருந்தால் இடுக்கு பிரஷ். இடுக்கு பிரஷ் மருந்துக்கடையில் பல அளவில் கிடைக்கும். எந்த அளவு என்று டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

பிரியாணி சாப்பிட்டால் எப்போதும் ஒரே இடத்தில் கறி சிக்குகிறது. குச்சியால் எடுத்துவிடுகிறேன்.

எல்லா இடத்திலும் எப்போதாவது சிக்கினால் பரவாயில்லை. ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் சிக்கினால் அங்கே பல் ஒன்றையொன்று தொடவில்லை, அல்லது சொத்தை இருக்கிறது, அல்லது எலும்பு இறங்கியிருக்கிறது. தீக்குச்சியும் ஊக்கும் இடைவெளியைப் பெரிதாக்கி ஈறைக் குத்திக் கிழிக்கும். பெரிய ஈறு நோய் பலருக்கு இப்படி ஒற்றை இடுக்கில்தான் ஆரம்பிக்கிறது. கறி நார் உங்களுக்கு இடத்தைச் சுட்டிக் காட்டிவிட்டது, அந்த இடத்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

மெடிக்கலில் ஐந்து நாள் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், வீக்கம் போய்விட்டது. இன்னும் வர வேண்டுமா?

ஆமாம். வீக்கம் வற்றியது, காரை அப்படியே இருக்கிறது. ஓரிரு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வரும், அப்போது எலும்பு இன்னும் கொஞ்சம் போயிருக்கும். படலத்துக்குள் ஒளிந்திருக்கிற கிருமியை மாத்திரை சரியாக எட்டாது, கையால்தான் எடுக்க வேண்டும். கண்டபடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நாளை உண்மையிலேயே தேவைப்படும்போது அது கேட்காது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷும் அப்படித்தான். டாக்டர் சொன்னால் 10 மில்லி, காலை ராத்திரி, இரண்டு வாரம். பேஸ்ட் போட்டுத் துலக்கி அரைமணி நேரம் கழித்துக் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்ட் அதன் வேலையைக் கெடுக்கும். மாதக்கணக்கில் போட்டால் பல் பழுப்பாகும், நாக்கில் ருசி மாறும். வீக்கத்துக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், அதுவரைக்கும் சரி.

நாலு மாதம் முழுகாமல் இருக்கிறேன். ஈறில் ரத்தம். இப்போது க்ளீன் செய்யலாமா?

செய்யலாம். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலத்துக்கே ஈறு பெரிதாக வீங்கும். நான்கு, ஐந்து, ஆறாம் மாதம் இதற்கு வசதியான காலம். வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காமல் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத் தேய்க்கவும்.

நோன்பு காலத்தில் வாய் நாற்றம் கூடுகிறது.

நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் எச்சில் குறைவதால், அதுவும் நம் ஊர் வெயிலில். சஹர் (விடியுமுன் சாப்பிடும் நோன்புச் சாப்பாடு) முடிந்ததும் ஒருமுறை, ராத்திரி படுக்குமுன் ஒருமுறை இடுக்கோடு சேர்த்துச் சுத்தம் செய்யுங்கள், நாக்கையும் வழியுங்கள். ரமலான் முடிந்தும் நாற்றம் நீடித்தால் ஈறைக் காட்டுங்கள்.

விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து ஒட்டிப் பல் கட்டித் தருகிறார்கள், விலை குறைவு. கட்டிக்கொள்ளலாமா?

வேண்டாம். கழற்றிக் கழுவ முடியாதபடி ஈறின் மேல் பிளாஸ்டிக்கை அமுக்கி ஒட்டுவார்கள். அடியில் சோறும் கிருமியும் தங்கி, பக்கத்தில் இருக்கிற நல்ல பல்லும் ஆடிவிடும். ஒரு பல்லுக்குப் போனவர்கள் நாலு பல்லை இழந்து வருவதைப் பார்க்கும்போது மனசு கனக்கிறது. பதிவு பெற்ற பல் மருத்துவரிடம் கழற்றி மாட்டுகிற செட்டாவது போட்டுக்கொள்ளுங்கள்.

காசு செலவழிக்க முடியாது. எங்கே போவது?

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. பெரும்பாலான தாலுகா அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவர் உண்டு. ஃப்ளாப் சர்ஜரி மாதிரி பெரிய வேலைக்கு, 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஈறுக்கென்றே தனித் துறை இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் சென்ட்ரலிலிருந்து பக்கம்தான். தனியார் கிளினிக் என்றால் கட்டணத்தை உட்காருமுன்பே கேட்டுவிடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எப்போது உடனே ஓட வேண்டும்?

தாடையோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கக் கஷ்டமாக இருந்தால், மூச்சு முட்டினால். அப்போது பல் கிளினிக் வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. ராத்திரி என்றால் 108.

அடுத்த வாரம் முதல்முறையாகக் காட்ட வருகிறேன். என்ன எடுத்து வர வேண்டும்?

சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வழக்கமான சர்க்கரை, பி.பி. மாத்திரையைப் போட்டுக்கொண்டே வாருங்கள். வெறும் வயிற்றில் வந்து நாற்காலியில் மயங்குகிறவர்கள் உண்டு. சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையும், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டும் எடுத்து வாருங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாத மாத்திரையை இதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், சாப்பிடுகிறீர்கள் என்று சொன்னால் போதும். இதயத்தில் செயற்கை வால்வு இருந்தால் நாற்காலியில் உட்காருமுன்பே சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும். அப்புறம், இப்போது பயன்படுத்துகிற பிரஷ்ஷையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவாருங்கள். முடி எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று பார்த்தாலே எப்படித் தேய்க்கிறீர்கள் என்று பாதி தெரிந்துவிடும்.